ஆன்லைன் ரோல்பிளே குழுவில் எழுதும்போது என்ன நாகரிகம் பார்க்க வேண்டும்?

கேட்டவர் தன் சங்கடத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். ஆளுக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து ஒரே கதையை எழுதுகிற குழு ஒன்றில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறதாம். முதல் பதிவிலேயே தன் கேரக்டர் இன்னொருவருடைய கேரக்டரை அறைந்ததாகவும், அவள் கீழே விழுந்து மன்னிப்புக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். அட்மின் அதை நீக்கிவிட்டு "பவர்ப்ளே வேண்டாம்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். காட்சி நன்றாகத்தானே இருந்தது, என்ன குற்றம் என்று கேட்கிறார்.

நான் பாம்பன்காரி. ஆறு வருடமாக ஒரு ரோல்பிளே குழுவில் எழுதுகிறேன். இப்போது அதன் மூன்று அட்மின்களில் நானும் ஒருத்தி. நீங்கள் செய்ததைவிடப் பெரிய தவறை நான் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் காட்சி. அடுத்தவருடைய கேரக்டர் என்ன செய்தது என்பதையும் நீங்களே எழுதிவிடுவதைத்தான் பவர்ப்ளே என்கிறார்கள். கை ஓங்குவது உங்கள் கேரக்டரின் உரிமை. அடி விழுந்ததா, அவள் அழுதாளா, திருப்பிக் கொடுத்தாளா என்பதெல்லாம் அவளை எழுதுகிறவரின் சொத்து. "மாயாண்டி ஓங்கி ஒரு அறை விட்டான். செல்லம்மா சுருண்டு விழுந்து காலைப் பிடித்தாள்" என்று நீங்களே முடித்துவிட்டால் செல்லம்மாவை எழுதுகிறவருக்கு அடுத்து எழுத என்ன இருக்கிறது? அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "மாயாண்டியின் கை ஓங்கியது. அவனுக்கும் செல்லம்மாவுக்கும் நடுவே ஒரு மீன் கூடைதான் இருந்தது." அங்கே நிறுத்திவிடுங்கள். அவள் அடியை வாங்கலாம், விலகலாம், கூடையைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்கலாம். அடுத்து என்ன வரும் என்று நீங்களும் காத்திருப்பீர்கள். இந்தக் காத்திருப்புக்காகத்தான் நான் ஆறு வருடமாக இதில் இருக்கிறேன்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ரோல்பிளே விளையாட்டை வெளியிட்டபோது வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொன்னது. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த மட் என்ற எழுத்து விளையாட்டில் கணினி நிரல் சொன்னது. நாம் வெறும் எழுத்தில் ஆடுகிறோம். பகடையும் கிடையாது, நிரலும் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது எதிரே எழுதுகிறவரின் சம்மதம்தான். அதை மீறினால் விளையாட்டே இல்லை. நீங்கள் தனியாகக் கதை எழுதுகிறீர்கள், அவர் உட்கார்ந்து வாசிக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு. முளைப்பாரித் திருவிழாவுக்கு ஊரில் வள்ளி திருமண நாடகம் போடுவார்கள். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடுபிடிக்கும்போது தூங்கின பிள்ளைகள்கூட எழுந்து உட்காரும். நாரதர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் வள்ளியின் பதிலை அவரே சொல்லமாட்டார். கேள்வியைப் போட்டுவிட்டு ஆர்மோனியக்காரர் பக்கம் திரும்பிக்கொள்வார். நல்ல நாரதர் வள்ளி பதில் சொல்லக்கூடிய கேள்வியாகப் பார்த்துக் கேட்பார், அவள் பதிலுக்கு ஜனம் கைதட்டும்போது தானும் சிரிப்பார். சின்ன வயதில் பாயில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் இப்போது ஃபோனில் செய்கிறேன் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இனி என் தவறு.

எங்கள் குழுவில் அப்போது பதினான்கு பேர். இராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்து ஆட்கள், கூடவே துபாயிலும் கத்தாரிலும் வேலை பார்க்கிற சிலர். கதைக்களம் 1964-ன் தனுஷ்கோடி. போட் மெயில் வந்து நிற்கிற ஸ்டேஷன், தலைமன்னாருக்குப் போகிற கப்பல், சுங்க ஆபீஸ், தேவாலயம் எல்லாம் உயிரோடு இருந்த ஊர். என் கேரக்டர் ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருந்தாள். இன்னொரு பெண் ஒரு போர்ட்டரின் குடும்பத்தை எழுதினாள், அதில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி. ஆகஸ்ட் மாதத்தில் கதையைத் தொடங்கி, நாலு மாதமாக எழுதி, டிசம்பருக்கு வந்திருந்தோம்.

டிசம்பர் 22 ராத்திரி என்ன நடந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நள்ளிரவுக்குச் சற்று முன்னால் பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி புயல் அலையில் சிக்கித் தனுஷ்கோடிக்குப் போய்ச் சேரவில்லை. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. அந்தக் காட்சியை நான்தான் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். யாரையும் கேட்கவில்லை. போர்ட்டரின் மனைவியையும் அந்தச் சிறுமியையும் நானே வண்டியில் ஏற்றினேன். அலை வந்ததை எழுதினேன். எழுதியவளே அழுதேன். குழுவில் ஒரே பாராட்டு.

காலையில் அந்தப் பெண்ணிடமிருந்து தனியாக ஒரு செய்தி. "அக்கா, எங்க அம்மாச்சியோட தங்கச்சி அந்தப் புயல்ல போனவங்க. அப்ப பதினோரு வயசு. அவங்க பேரைத்தான் இந்தப் புள்ளைக்கு வச்சிருந்தேன். இவளையாச்சும் காப்பாத்தி ராமேஸ்வரம் கொண்டாந்து சேத்துரணும்னுதான் நாலு மாசமா எழுதிக்கிட்டிருந்தேன்."

அந்தச் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.

பதிவை எடுத்தேன், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் இரண்டு வாரம் எதுவும் எழுதவில்லை. பிறகு வந்து அதே இரவைத் தானே எழுதினாள். காய்ச்சல் கண்ட சிறுமியைக் கூட்டிக்கொண்டு அம்மா பாம்பனிலேயே இறங்கிவிடுகிறாள். நாலே வரி. நான் எழுதியதில் பாதிகூட அலங்காரம் இல்லை, ஆனால் எங்கள் கதையில் இதுவரை வந்த மிக நல்ல பதிவு அதுதான் என்பேன். ஒரு கேரக்டரை அதை எழுதுகிறவர் எதற்காகச் சுமக்கிறார் என்பது வெளியே தெரியாது. சாவு, ஊனம், கர்ப்பம், கல்யாணம் மாதிரி திருப்பி எடுக்க முடியாத எதையும் அவரிடம் கேட்காமல் எழுதாதீர்கள்.

அதே கதையிலிருந்து இன்னொரு உதாரணம். எழுதுகிற நமக்கு டிசம்பர் தெரியும், கேரக்டருக்குத் தெரியாது. ஒரு தம்பி அக்டோபர் காட்சியில் தன் மீனவனை "கிறிஸ்துமஸுக்குள்ள ஊரைக் காலி பண்ணிருவோம், கடல் உள்ள வரப்போகுது" என்று பேசவைத்தான். இதைத்தான் மெட்டாகேமிங் என்கிறார்கள். வாடை அடிக்கிற விதம் சரியில்லை என்று ஒரு மீனவன் சொல்லலாம், அது அவன் தொழில். தேதி சொல்ல முடியாது. அடுத்தவர் தனியாக எழுதிய காட்சியில் இருந்த ரகசியமும் அப்படித்தான். நீங்கள் வாசித்திருக்கலாம், உங்கள் கேரக்டர் அங்கே இல்லை. காட்மோட் என்பது இதற்கு அண்ணன். எந்த அடியும் படாத, அந்தப் புயலிலும் தனியாளாக வள்ளத்தைத் தலைமன்னாருக்கு ஓட்டிப் போகிற கேரக்டர். அவனோடு எழுத யாருக்கும் ஆசை வராது.

அடுத்தது நான் கறாராக இருக்கிற விஷயம். கதைக்குள் பேசுவதும் கதைக்கு வெளியே பேசுவதும் கலக்கவே கூடாது. வெளியே பேச வேண்டியதை இரட்டை அடைப்புக்குறிக்குள் போடுவது பல இடங்களில் வழக்கம். தமிழில் இதற்கு இன்னொரு முகம் உண்டு, நீயும் நீங்களும். கதைக்குள் என் டீக்கடைக்காரி கீழக்கரை மரைக்காயர் ஒருவரை "யோவ்" என்று கூப்பிடுவாள். அவரை எழுதுகிறவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அடைப்புக்குறிக்குள் அவர் எனக்குக் "காக்கா", அதாவது அண்ணன். காட்சியில் கடுமையாகத் திட்டிவிட்டு, கீழேயே "((காக்கா, இது அவ பேச்சுதான், சரியா இருக்கா?))" என்று கேட்பேன். "((நல்லா இருக்கு, இன்னும் ரெண்டு போடுங்க))" என்று அவர் எழுதினால் மனசு லேசாகிவிடும்.

பெண்களுக்கு இதில் வேறொரு தொல்லை இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன். கதைக்குள் இரண்டு கேரக்டர்கள் காதலித்தால், எழுதுகிற இரண்டு பேரும் காதலிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. முத்துக்குளிக்கிறவனாக எழுதிக்கொண்டிருந்த ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு இன்பாக்ஸில் வந்து "சாப்பிட்டியாம்மா" என்று அதே குரலில் தொடங்கினார். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை, அன்றைக்கே வெளியே அனுப்பினோம். பதினெட்டு வயது ஆகாதவர்கள் இருக்கிற குழுவில் காதல் காட்சிகளே வேண்டாம் என்பது என் நிலை. அதில் விவாதத்துக்கு நான் தயாரில்லை.

சாதியும் இங்கே வரும். பழைய காலத்துக் கதை, வட்டாரப் பேச்சு, வசவு இல்லாமல் எப்படி யதார்த்தம் என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் எதிரே எழுதுகிறவர் அந்த வசவைத் தன் பள்ளிக்கூடத்தில் நேரடியாக வாங்கியவராக இருக்கலாம். அதனால் எங்கள் குழுவில் காட்சிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ரான் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் கோடு, திரை என்று இரண்டாகப் பிரித்தார். கோடு போட்ட விஷயம் கதையில் வரவே வராது. திரை போட்டது நடக்கும், ஆனால் வாசகர் கண் முன்னால் நடக்காது. நாங்கள் சேரும்போதே ஆளுக்கு ஒரு பட்டியல் வாங்கி வைத்துக்கொள்கிறோம். கடலில் மூழ்கிச் சாவதைக் கோடாகப் போட்டவர்கள் எங்களில் மூன்று பேர், வீட்டில் யாரோ தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர்கள். காட்சி நடுவிலேயே ஒருவருக்குத் தாங்கவில்லை என்றால் ஒரு எக்ஸ் எழுத்தை மட்டும் போட்டால் போதும். காரணம் கேட்க மாட்டோம், காட்சி வேறு பக்கம் திரும்பிவிடும். மேசையில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்காக ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்பவர் யோசித்த எக்ஸ் அட்டையைத்தான் இப்படி மாற்றிக்கொண்டோம்.

காத்திருப்பது பற்றியும் சொல்ல வேண்டும், குழு உடைவது பெரும்பாலும் இதில்தான். எங்களில் ஒரு தம்பி இராமேஸ்வரம் விசைப்படகில் போகிறவன். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு. அவன் கடலில் இருக்கும்போது சிக்னல் கிடையாது. முன்பெல்லாம் அவனுடைய முறை வரும்போது ஆள் இல்லை என்று தாண்டி எழுதிவிடுவார்கள், திரும்பி வந்து பார்த்தால் அவன் கேரக்டரைப் போலீஸ் பிடித்திருக்கும். இப்போது அவன் "தொழிலுக்குப் போறேன்" என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டுப் போகிறான், நாங்கள் அவன் கேரக்டரை நங்கூரம் போட்டு வைக்கிறோம். அது எங்கள் குழுச் சொல். அந்தக் கேரக்டர் திண்ணையில் தூங்கும், அல்லது சந்தைக்குப் போயிருக்கும். யாரும் தொட மாட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அவன் நாளுக்கு மூன்று பதிவு எழுதுவான், அப்போது துபாய் ஷிஃப்டில் இருக்கிறவர்கள் பின்தங்குவார்கள். அப்போது அவன்தான் பொறுக்க வேண்டும். கரைவலையில் ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் வேகமாக இழுத்தால் வலை கோணி, மடிக்குள் வர வேண்டிய மீன் வெளியே போய்விடும் என்று அப்பா சொல்வார். தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் வேறு விளக்கம் கேட்கவில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். எதிரே இருப்பவர் ஆறு வரி எழுதினால் நீங்கள் அறுபது வரி எழுதி அவரைத் திணறடிக்காதீர்கள், "ம்ம், சரி என்றான்" என்று ஒரே வரியில் கைகழுவவும் செய்யாதீர்கள். ஒற்றுப்பிழையைப் பொதுவில் திருத்தாதீர்கள். நாலாம் வகுப்போடு நின்ற ஒரு அண்ணன் எங்களில் எழுதுகிறார், சந்திப்பிழை நிறைய இருக்கும், கடல் அவர் எழுத்தில் வருகிற மாதிரி எனக்கு வராது.

உங்கள் விஷயத்தில் இப்போது செய்ய வேண்டியது இதுதான். அட்மினோடு வாதாட வேண்டாம். செல்லம்மா மாதிரி அந்தப் பெண் கேரக்டரை எழுதுகிறவர் யாரோ, அவருக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு செய்தி போடுங்கள்: "((மன்னிக்கணும், உங்க கேரக்டருக்கும் சேத்து நானே எழுதிட்டேன். அந்தச் சண்டை இருக்கலாமா, இல்ல வேற மாதிரி போகலாமா?))" இருக்கலாம் என்று அவர் சொன்னால் அதே காட்சியைத் திரும்ப எழுதுங்கள். கையை ஓங்கிவிட்டு ஃபோனைக் கீழே வையுங்கள். பதில் வர இரண்டு நாள் ஆகலாம்.