பிரஷருக்கு ஹெர்பல் டீயும் டார்க் சாக்லேட்டும்: அம்மாகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க

தேனி மாவட்டம் கூடலூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, தினமும் விடியக்காலையில ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல ஆள் ஏத்திட்டு குமுளி வழியா மேல போறவரு. அம்மாவுக்கு 58 வயசு, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை ஓடிட்டிருக்கு. குமுளியில ஒரு ஸ்பைஸ் கடையில, இதைக் குடிச்சா பிரஷர் இறங்கும், இதைத் தின்னா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொல்லி ஒரு ஹெர்பல் டீ பாக்கெட்டும் ஒரு டப்பா ஹோம்மேட் டார்க் சாக்லேட்டும் குடுத்திருக்காங்க. அம்மா அதை நம்பி, டீதான் குடிக்கிறோமேன்னு பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பிச்சுட்டாங்களாம். இது ரெண்டும் நெசமாவே நல்லதா, எவ்வளவு சாப்பிடலாம், மாத்திரையைக் குறைக்கலாமான்னு கேக்கறாரு.

தம்பி, மொதல்ல மாத்திரை. இன்னையில இருந்து டாக்டர் எழுதின மாதிரியே தினமும் போடச் சொல்லுங்க, விட்ட நாளுக்குச் சேத்து ரெண்டா போட வேணாம். பிரஷர் ஏறினா தலைவலியோ மயக்கமோ வந்து சொல்லும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, பெரும்பாலும் எதுவும் சொல்லாது, அதனால "நல்லாத்தானே இருக்கேன்"னு அம்மா சொல்றதை நம்பி விட்டுடாதீங்க. பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ மெடிக்கல்லயோ ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை பிரஷர் பாத்து எழுதி வைங்க, மாத்திரையைக் குறைக்கறது கூட்டறதெல்லாம் அந்த நோட்டைப் பாத்து டாக்டர் முடிவு பண்ணட்டும்.

இப்ப டீ. ஹெர்பல் டீன்னு ஒரே பேர்ல விக்கறாங்களே தவிர ஒவ்வொரு பாக்கெட்டுலயும் ஒவ்வொரு சரக்கு, சிலதுல பத்துக்கு மேல மூலிகை இருக்கும், அதனால பாக்கெட்டைத் திருப்பி என்னென்ன சேத்திருக்காங்கன்னு படிச்சாத்தான் நான் பதில் சொல்ல முடியும். நீங்க முக்கியமா தேட வேண்டியது அதிமதுரம். குமுளிப் பக்கம் வாங்கினதுன்னா மலையாளத்துல இரட்டிமதுரம்னு இருக்கும், இல்ல லிகோரைஸ், யஷ்டிமதுன்னு இருக்கும், எல்லாம் ஒரே வேர்தான். தொண்டைக்கு இதமா இருக்கும், சர்க்கரை போடாமலே இனிக்கும், அதனாலதான் டீ கலவையில சேக்கறாங்க. ஆனா பிரஷர் இருக்கறவங்களுக்கு இது நேர் எதிரி. இதுல கிளிசிரைசின்னு ஒரு பொருள் இருக்கு, அது நம்ம உடம்புல கார்ட்டிசால் ஹார்மோனை அடக்கி வைக்கற ஒரு என்சைமைத் தடுத்துடும், அப்புறம் கிட்னி உப்பையும் தண்ணியையும் புடிச்சு வச்சுக்கிட்டு பொட்டாசியத்தை வெளிய தள்ளும், பிரஷர் ஏறும், கால் வீங்கும். சுவீடன்ல 2024ல வந்த ஒரு ஆய்வுல 28 இளவயசுக்காரங்களுக்கு தினம் 100 மில்லிகிராம் கிளிசிரைசிக் அமிலம் இருக்கற மாதிரி அதிமதுரம் குடுத்துப் பாத்தாங்க, ரெண்டே வாரத்துல மேல் பிரஷர் சராசரியா 3 பாயிண்ட் ஏறியிருக்கு, அவங்க ஆரோக்கியமான ஆளுங்க. உங்கம்மா மாத்திரையில நீர் மாத்திரை கலந்திருந்தா இன்னும் கவனம், சில நீர் மாத்திரை ஏற்கெனவே பொட்டாசியத்தை இறக்கும், ரெண்டும் சேந்தா தசை தளர்ந்து போகும், இதயத்துடிப்பு தாறுமாறா ஆகும். பிரஷர் இறங்கும்னு சொல்லி வித்த பாக்கெட்டுலயே பிரஷரை ஏத்தற வேர் இருக்கலாம்ங்கறதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், கடைக்காரருக்கே அது தெரிஞ்சிருக்காது.

அதேபோல "ஸ்லிம் டீ"ன்னு விக்கறதுல நிலாவாரை இலை இருக்கான்னு பாருங்க, நம்ம திருநெல்வேலிச் சீமையில விளையற அதே இலைதான். ரெண்டு நாள் மலச்சிக்கலுக்குன்னா சரி, தினமும் குடிச்சா வயித்தால போய் தண்ணியும் பொட்டாசியமும்தான் குறையும், கொழுப்பு குறையாது. குடம்புளி மீன் குழம்புல போடறது பிரச்சனையே இல்ல, ஆனா உடம்பு எளைக்கறதுக்குன்னு அதோட சாறைக் கெட்டியாக்கி மாத்திரையா விக்கறதால கல்லீரல் கெட்டவங்க உண்டு, அந்தப் பக்கம் போகாதீங்க.

பிரஷருக்கு ஓரளவு ஆதாரம் இருக்கற டீன்னா அது ஹைபிஸ்கஸ் டீ, புளிச்சகீரை வகைச் செடியோட, பூவுக்கு அடியில இருக்கற சதைப்பத்தான சிவப்புப் பாகத்துல போடறது, வீட்டு வாசல்ல பூக்கற செம்பருத்தி இல்ல. அமெரிக்காவுல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல 65 பேருக்கு 6 வாரம் தினம் 3 கப் குடுத்துப் பாத்தாங்க, 2010ல வந்த ஆய்வு, மேல் பிரஷர் சுமார் 7 பாயிண்ட் இறங்குச்சு, வெறும் கலர் தண்ணி குடிச்சவங்களுக்கு 1 பாயிண்ட் சொச்சம்தான். ஆனா அவங்க யாரும் பிரஷர் மாத்திரை போடாதவங்க, லேசான பிரஷர்காரங்க. மாத்திரையோட சேத்துக் குடிச்சா தேவைக்கு மேல இறங்கித் தலை சுத்தலாம், அம்மா குடிக்க ஆசைப்பட்டா டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஒரு கப்புல ஆரம்பிங்க.

சுக்கு, ஏலக்காய், துளசி, லெமன்கிராஸ் இதெல்லாம் சாதாரண அளவுல தாராளமா குடிக்கலாம், கேரளா ஓட்டல்ல குடுக்கற பதிமுகம் போட்ட செவப்பு சுடுதண்ணியும் அப்படித்தான். இதுல எதுவும் பிரஷர் மருந்து கிடையாது. இதோட பெரிய நன்மை எங்க இருக்குன்னா, அம்மா ஒரு நாளைக்கு 4 கிளாஸ் பால் டீ, கிளாசுக்கு 2 ஸ்பூன் சர்க்கரைன்னு குடிக்கறவங்களா இருந்தா அதுலயே 35, 40 கிராம் சர்க்கரை போகுது, அதுல ரெண்டு கிளாசை இனிப்பில்லாத சுக்குத் தண்ணியா மாத்தினா பாதி சர்க்கரை குறைஞ்சிடும், சாயங்காலம் கேஃபீன் போகாததால தூக்கமும் நல்லா வரும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் போட்டா மட்டும் சுகருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்காதீங்க, எல்லாமே ஏத்தும்.

சாக்லேட்டுக்கு வருவோம். கொக்கோவுல ஃபிளேவனால்னு ஒரு பொருள் இருக்கறது நெசம், அது ரத்தக்குழாயைக் கொஞ்சம் தளர்த்தும். 2017ல 35 ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல பிரஷர் சராசரியா 2 பாயிண்டுக்கும் கம்மியாத்தான் இறங்கியிருக்கு. அமெரிக்காவுல 21,000 பேருக்கு மேல வச்சு நடத்தி 2022ல முடிவு வந்த காஸ்மாஸ் ஆய்வுல தினம் 500 மில்லிகிராம் ஃபிளேவனாலைக் குடுத்தாங்க, மொத்தமா மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி இதயநோய்ப் பாதிப்பு உறுதியாச் சொல்ற அளவுக்குக் குறையல, இதயநோயால சாகறது மட்டும் 27 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. நல்ல செய்திதான், ஆனா அவங்க முழுங்கினது கேப்சூல், சாக்லேட் இல்ல. இடுக்கியில கொக்கோ காய் நெறைய விளையுதே, அந்தக் கொட்டையைப் புளிக்க வச்சு, காய வச்சு, வறுக்கும்போதே ஃபிளேவனால் குறைஞ்சுகிட்டே வரும், ஆல்கலி (மிளகாய்க் காரம் இல்ல, புளிப்பை முறிக்கற காரப்பொருள்) சேத்துப் பதப்படுத்தின கொக்கோ பவுடர்ல இன்னும் போயிடும், அதனால கறுப்பா இருக்குன்னு சத்து அதிகம்னு கணக்குப் போடாதீங்க.

அதுக்கு மேல, குமுளி, மூணாறு, ஊட்டி கடைகள்ல ஹோம்மேட்னு விக்கறதுல நெறையது காம்பவுண்ட் கட்டியை உருக்கி அச்சுல ஊத்தினது, கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலா தாவர எண்ணெய்க் கொழுப்பு. டப்பாவுல எழுதியிருக்கற வரிசையைப் பாருங்க, எது அதிகமோ அதுதான் மொதல்ல வரும். மொதல் பேரே சர்க்கரை, ரெண்டாவது தாவரக் கொழுப்புன்னா அது மிட்டாய், பசங்களுக்குப் பண்டிகைக்குக் குடுங்க, அம்மாவுக்கு மருந்துன்னு குடுக்காதீங்க. லேபிளே இல்லாத டப்பான்னா அதையும் மிட்டாயாவே வச்சுக்கங்க. மொதல்ல கொக்கோ வந்து 70 சதவீதத்துக்கு மேலன்னு இருந்தா, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு 10 கிராம், சின்னத் துண்டு ஒண்ணு இல்ல ரெண்டு, வாரத்துல சில நாள் குடுக்கலாம். 70 சதவீத சாக்லேட்டே 100 கிராமுக்கு 600 கலோரி, 24 கிராம் சர்க்கரை. 2022ல அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒண்ணு 28 டார்க் சாக்லேட்டைச் சோதிச்சதுல 23ல ஈயமோ காட்மியமோ கவலைப்படற அளவுல இருந்துச்சு, தினமும் நெறைய தின்னக் கூடாதுன்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். அம்மாவுக்கு கிட்னியில கல்லோ, கிட்னி வேலை குறைஞ்சதைக் காட்டற கிரியேட்டினின் ரத்தத்துல ஏறியோ இருந்தா கொக்கோவே வேணாம், அதுல ஆக்சலேட்டும் பொட்டாசியமும் ஜாஸ்தி.

இன்னொண்ணு, நீங்க கேக்கலைன்னாலும் சொல்லிடறேன். அம்மாவோட சுகர் மாத்திரையில கிளிமிபிரைடு மாதிரி இருந்தா எப்பவாவது சுகர் இறங்கி வேர்த்து, கை நடுங்கும், அப்ப கைக்கு எட்டற எடத்துல டார்க் சாக்லேட் இருக்குன்னு அதைக் குடுத்துடாதீங்க, அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரை ரத்தத்துல ஏறறதைத் தாமதமாக்கும். 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு சுகர் பாருங்க, ஏறலைன்னா மறுபடி குடுங்க. நெனவு இல்லாம இருந்தா வாயில எதையும் ஊத்தாம ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.