‘மீன்வள ஆய்வாளர்’ ஆய்வு செய்வாரா? – வாசகர் கேள்விகளுக்குச் சில பதில்கள்

மாநில மீன்வளத் துறையில் 12 வருடம், அதன்பின் மீன்வளக் கல்லூரியில் 21 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பிளஸ் டூ முடிவு வரும் நாட்களில் என் போன் ஓயாது. இந்தமுறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும்தான் பதில். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாள். மீன் சம்பந்தமான அரசு வேலைக்குப் போக ஆசை. பி.எஃப்.எஸ்சி. நல்லதா, பி.எஸ்சி. விலங்கியல் நல்லதா? – பட்டுக்கோட்டை வாசகர்

மீன்தான் என்று அவள் முடிவே செய்துவிட்டாளா? அப்படியானால் பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம்தான். நான்கு வருடப் படிப்பு. நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடி அலைபவர்களை வருடாவருடம் பார்க்கிறேன்.

மாநிலத்தில் மூத்தது 1977-இல் தூத்துக்குடியில் தொடங்கிய கல்லூரி. வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் பிறந்து, கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குக் கைமாறி, 2012-இல் நாகப்பட்டினத்தில் மீன்வளத்துக்கென்றே பல்கலைக்கழகம் வந்தபோது அதனோடு சேர்ந்தது. இப்போது பொன்னேரி, தலைஞாயிறு என்று வேறு கல்லூரிகளும் இருக்கின்றன. குளம் வெட்டுவது, தீவனம் தயாரிப்பது, வலை, படகு, பதப்படுத்துதல், மீன் நோய், புள்ளியியல் என்று எல்லாவற்றிலும் காலை நனைக்க வைப்பார்கள்.

இன்னும் மனம் ஊசலாடுகிறது என்றால் விலங்கியல் படிக்கட்டும். பின்னர் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் முதுகலைக்குப் போகலாம். எனக்கு மீன்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாருமே விலங்கியல்காரர்கள்தான். ஆனால் அந்தக் காலம் வேறு. இன்றைக்குப் பல பணியிடங்களுக்கு மீன்வள அறிவியல் பட்டத்தையே கேட்கிறார்கள். ஆகவே கல்லூரி விளம்பரத்தைப் படிப்பதற்கு முன் பழைய வேலை அறிவிக்கைகள் நாலைந்தை எடுத்துக் கல்வித் தகுதிப் பகுதியைப் படியுங்கள்.

மீன்வள ஆய்வாளர் தேர்வில் வென்றால் ஆராய்ச்சி செய்யலாமா? – விருத்தாசலம் வாசகர்

அந்தப் பதவிப் பெயர் பலரை ஏமாற்றியிருக்கிறது. காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர் என்கிறோமே, அந்த ‘ஆய்வாளர்’தான் இதுவும். டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரும் சார் ஆய்வாளர், ஆய்வாளர், உதவி இயக்குநர் பதவிகளில் படகுப் பதிவு, மானிய டீசல், தடைக்கால நிவாரணப் பட்டியல், கடலில் காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கான கோப்பு, 1983-ஆம் வருடத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நடவடிக்கை, மீன்குஞ்சுப் பண்ணை மேற்பார்வை இவைதான் அன்றாட வேலை. இரண்டு ஊர்க்காரர்கள் வலைத் தகராறில் நிற்கும்போது நடுவில் நிற்பதும் உங்கள் வேலைதான். கௌரவமான வேலை, ஆனால் நுண்ணோக்கி வேலை அல்ல.

ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் பாதை வேறு. மீன்வள அறிவியலில் மேற்படிப்பு, பிறகு மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிப் பணிக்கான ஏ.ஆர்.எஸ். தேர்வு. அதில் மீன் வளர்ப்பு, மீன் மரபியல், மீன் நோய், மீன் ஊட்டம், மீன்வள மேலாண்மை என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. தேர்வானால் 1947-இல் தொடங்கி, மண்டபத்தில் இருந்து பின்னர் கொச்சிக்குத் தலைமையகம் மாறிய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமான சி.எம்.எஃப்.ஆர்.ஐ., சென்னையில் இருக்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமான சிபா, ஆறுகள், ஏரிகளுக்கான மேற்குவங்கத்துப் பாரக்பூர் நிறுவனம் என்று எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். அவ்வளவு தூரம் மாற்றலா என்று அழக்கூடாது. ஹில்சா மீன் சாப்பிட்டுப் பார்த்தபின் யாரும் அழுவதில்லை.

மீனுக்கு வயது எப்படிச் சொல்கிறீர்கள்? ஒரு பேட்டியில் ‘இது 2 வயது மீன்’ என்றார் ஒரு விஞ்ஞானி. – நாகர்கோவில் வாசகர்

கத்தாளை மீன் தலையைச் சாப்பிடும்போது பல்லில் வெள்ளையாக ஒரு கல் தட்டுப்படுமே, அதுதான் காதுக்கல். எலும்பு மீன்கள் எல்லாவற்றுக்கும் உண்டு, கத்தாளைக்குப் பெரியது. குளிர்நாட்டு மீன்களில் இந்தக் கல்லை அறுத்துப் பார்த்தால் மரத்தின் வளையம்போல ஆண்டு வளையம் தெரியும். குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தமாவதால் வரும் கோடு அது.

நம் கடலில் அப்படிக் குளிர்காலம் ஏது? வளையம் மங்கலாக இருக்கும், ஒருவர் எண்ணினால் இரண்டு, இன்னொருவர் எண்ணினால் மூன்று. அதனால் எங்கள் தலைமுறை வேறு வழியில் போயிற்று. மாதந்தோறும் படகுகள் மீன் இறக்கும் இறங்குதளத்துக்குப் போய் ஒரே இன மீன்களை நூற்றுக்கணக்கில் அளக்க வேண்டும். எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று வரைந்தால் ஓரிடத்தில் மேடு விழும். அது பெரும்பாலும் ஒரே பருவத்தில் பிறந்த கூட்டம். அடுத்த மாதம் அந்த மேடு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும், அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்தால், பெயர் தெரியாமலே ‘இது போன வருடத்து ஆறாம் வகுப்பு’ என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே கணக்கு. 1980-களில் மீன்வள விஞ்ஞானி டேனியல் பாலி மணிலாவில் இருந்தபோது உருவாக்கிய எலிஃபான் என்ற கணினி முறை இதைச் சுலபமாக்கியது. அதற்கு முன் வரைபடத்தாளும் பென்சிலும்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சின்ன மீன்கள் வலைக்கண்ணி வழியே தப்பிவிடும், ஏலத்துக்கு வரும்போது பெரிய மீன்களைத் தனிக் கூடையில் பிரித்துவிடுவார்கள். பிரித்தபின் அளந்தால் உங்கள் மேடு பொய்மேடு. கூடை கரைக்கு வருமுன், படகிலேயே போய் நிற்க வேண்டும். சங்காயம் என்று ஒதுக்கித் தள்ளுகிறார்களே, அந்தக் குவியலையும் விடக்கூடாது. நாளைய மீன் அதில்தான் கிடக்கிறது.

படகில் ஏறினாலே எனக்கு வாந்தி வரும். இந்தத் துறை சரிப்படுமா? – தூத்துக்குடி வாசகர்

எனக்கும் வந்தது. இரண்டாவது நாள் நின்றது. உங்களுக்கு நிற்கவில்லை என்றால் நன்னீர் மீன் வளர்ப்பு இருக்கிறது. குளம் ஆடாது.

ஏப்ரலில் தடை போடுகிறீர்கள், மீன் முட்டையிடும் காலம் என்கிறீர்கள். ஆனால் ஐப்பசி கார்த்திகையிலும் சினை மீன் வருகிறதே? யாரை ஏமாற்றுகிறீர்கள்? – இராமேஸ்வரம் வாசகர்

தடை போடுவது நான் இல்லை. ஆனாலும் உங்கள் கண் பொய் சொல்லவில்லை. நம் வெப்பக் கடலில் பெரும்பாலான மீன்கள் ஒரே மாதத்தில் முட்டையிட்டு முடிப்பதில்லை. மாதக்கணக்கில் இடும், உச்சம் மட்டும் இனத்துக்கு இனம் மாறும். எல்லா மீனுக்கும் பொருந்துகிற 61 நாட்கள் காலண்டரில் கிடையாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று இரண்டு தடைகள் இருப்பதே இதற்குச் சாட்சி. கன்னியாகுமரி மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்கு ஒரு தேதி, குளச்சலுக்கு ஒரு தேதி.

அப்படியானால் தடை வீணா? வீணில்லை. பல இனங்களின் உச்சம் இந்த மாதங்களில் விழுகிறது என்பது ஒரு காரணம். விசைப்படகுகளின் இழுவை மடி வலை கடலடியைக் கிளறுவது இரண்டு மாதம் நிற்கிறது, பிடிக்கும் அழுத்தமும் அந்த அளவுக்குக் குறைகிறது என்பது என் கணக்கில் பெரிய காரணம். விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகுக்கு இல்லை என்பதும் அதனால்தான். ‘முட்டையிடும் காலம்’ என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டது எங்கள் தரப்புச் சோம்பல். முழுக் காரணத்தையும் சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு கோபமாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். தடை முடிந்த அன்று எல்லாப் படகும் ஒரேயடியாகப் பாய்ந்து குஞ்சையும் சேர்த்து வழித்துக்கொண்டு வந்தால் 61 நாளும் தண்ணீரில் கரைந்த உப்புதான் என்பதையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

அரசுத் துறையை விட்டு ஆசிரியர் வேலைக்கு ஏன் போனீர்கள்? எது மேல்? – மதுரை வாசகர்

சம்பளத்துக்காக இல்லை, மாற்றல் உத்தரவுக்குப் பயந்துதான் போனேன். பிள்ளைகள் மூன்றாவது பள்ளிக்கூடம் மாறியிருந்தார்கள். வசதியைத் தேடிப் போன இடத்தில் வேலை பிடித்துப்போனது.

ஒரு விஷயம் சொல்கிறேன். துறையில் சேர்ந்த புதிதில் மீன் வரத்துக் கணக்கெடுப்பது என் பொறுப்பு. எல்லாப் படகையும் யாராலும் எண்ண முடியாது. சில நாட்களைத் தேர்ந்து, அந்த நாட்களில் சில படகுகளைத் தேர்ந்து, அவற்றின் பிடிப்பைப் பெருக்கித்தான் மாதக் கணக்கு வரும். ஒரு மழை நாளில் நான் கரைக்குப் போகவில்லை. முந்தின வாரத்துக் கணக்கைப் பார்த்து அதே மாதிரி ஒன்றை எழுதிவிட்டேன். மறுநாள் டீக்கடையில் ஏலம் கூறும் பெரியவர் கேட்டார்: “என்ன சார், நேத்து சாளை கொட்டுச்சே, உங்களக் காணலயே?” எனக்கு டீ இறங்கவில்லை. நான் எழுதிய பொய் அந்த ஒரு நாளோடு நிற்காது, பெருக்கப்பட்டு மாதக் கணக்காகும், மேலே போகும், ‘இந்தக் கரையில் சாளை குறைகிறது’ என்று யாரோ ஒரு அறிக்கை எழுதுவார். அன்று மாலையே அந்தப் பக்கத்தை அடித்து, ‘எடுக்கவில்லை’ என்று எழுதினேன். திட்டு விழுந்தது. 21 வருடமும் முதல் வகுப்பில் நான் சொன்ன கதை இதுதான். கரையில் நின்றிருக்காவிட்டால் வகுப்பில் சொல்ல என்னிடம் பாடப்புத்தகம் மட்டும்தான் இருந்திருக்கும்.

எது மேல் என்று கேட்டால் வரிசையைச் சொல்வேன்: முதலில் கரை, பிறகு வகுப்பு.

கேள்வி வேலை பற்றி அல்ல, மன்னிக்கவும். என் பண்ணைக்குட்டையில் விடிகாலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. நேற்று பத்து செத்து மிதந்தன. – தஞ்சாவூர் வாசகர்

மன்னிப்பு எதற்கு, துறையில் இருந்தபோது வந்த போன்களில் பாதி இதுதான். தண்ணீர் கரும்பச்சையாக இருக்கிறதா? பகலில் பாசி ஆக்சிஜனைத் தரும், இரவில் அதே பாசி மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை இழுக்கும். விடியுமுன் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் இன்னும் மோசம். இன்று தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். இரவு பின்ஜாமத்தில் மோட்டார் போட்டுப் புதுத்தண்ணீரை உயரத்திலிருந்து விழ விடுங்கள். கையில் மீதமிருக்கும் மருந்தை எல்லாம் கொட்டாதீர்கள். மீன்கள் நெருக்கமாக இருந்தால் கொஞ்சத்தைப் பிடித்து விற்றுவிடுங்கள்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் குட்டையில் இருக்கும் கட்லாவும் ரோகுவும் கங்கைக்காரர்கள். முன்பெல்லாம் ஆற்றில் அள்ளிய குஞ்சைத்தான் நம்ப வேண்டும், அதில் வேண்டாத மீனும் கலந்து வரும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில், அரசு விஞ்ஞானியான ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி போட்டுக் கெண்டையைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாள்தான் இப்போது மீன் விவசாயிகள் தினம். நீங்கள் பையில் வாங்கிவரும் குஞ்சு அந்த ஊசியில் தொடங்கியது.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா? இறங்குதளத்துக்கு இரவு மூன்று மணிக்குப் போக வேண்டுமாமே? – சென்னை வாசகி

இறங்குதளத்தில் மீன் வாங்கி விற்கும் கூட்டத்தில் பெண்கள்தானே அதிகம்? அவர்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் ஏன் பயமுறுத்துகிறார்கள்? என் மாணவிகள் பலர் அங்கே நின்று மீன் அளந்திருக்கிறார்கள். சிரமம் இருட்டிலோ மீன் நாற்றத்திலோ இல்லை, கழிப்பறை இல்லாததில். இதை நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. முதல் நாளே அந்தக் கரையின் மீன்காரம்மா ஒருவரைச் சிநேகிதம் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் உங்களுக்கு மீன் பெயரும் சொல்லித் தருவார். சென்னையில் வஞ்சிரம் என்பது தெற்கே போனால் சீலாவாகும், நெய்மீனாகும். அறிவியல் பெயரோடு ஊர்ப் பெயரையும் எழுதி வையுங்கள்.

முதலாம் ஆண்டு சேர்ந்துவிட்டேன். என்ன வாங்க வேண்டும்? – கடலூர் வாசகர்

அளவுகோல் பதித்த பலகை ஒன்று, நீங்களே தச்சரிடம் செய்துகொள்ளலாம். ரப்பர் செருப்பு. கெட்டி அட்டை நோட்டு. பேனா வேண்டாம், உப்புத்தண்ணீர் பட்டால் மை ஓடிவிடும். இரண்டு பென்சில் வாங்குங்கள், ஒன்று எப்படியும் கடலில் விழும்.