மொழி படைக்கும் மகளுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

ஐயா,

சிலைமானிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதத்தையும், அதனுடன் இணைத்திருந்த உங்கள் மகளின் நோட்டுப் பக்கங்களின் நகல்களையும் முழுமையாகப் படித்தேன். பிளஸ் ஒன் தேர்வு முடிந்து விடுமுறையில் இருக்கும் பெண், உலகில் யாருமே பேசாத ஒரு மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றும், இதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் இருக்கும் உங்கள் மைத்துனர், ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பொறியியலுக்கான மேனேஜ்மென்ட் சீட்டை இப்போதே பேசி முன்பணம் கட்டிவிட வேண்டும் என்று வற்புறுத்துவதாகவும், அதற்காக மல்லிகைத் தோட்டத்தை அடமானம் வைத்து 12 லட்சம் ரூபாய் திரட்ட எண்ணியிருப்பதாகவும் சொல்கிறீர்கள்.

மகளின் எதிர்காலத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் உங்களைத் தேற்றி அனுப்புவதற்காக இதை நான் எழுதவில்லை. அடமானப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டுப் பக்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றை மகளின் மீதான புகாருக்குச் சான்றாக அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கோ அவை அவருடைய தகுதிக்குச் சான்றாகத் தெரிகின்றன. "மழை பெய்ததாம்" என்று நாம் சொல்லும்போது, அதை நாமே பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டோம் என்பது அந்த "ஆம்" என்ற ஒட்டிலேயே தெரிந்துவிடுகிறது. உங்கள் மகள் இதைக் கவனித்து, தம் மொழியின் வினைச்சொற்களுக்கு மூன்று விகுதிகளை அமைத்திருக்கிறார்: கண்ணால் கண்டதற்கு ஒன்று, காதால் கேட்டதற்கு ஒன்று, தடயத்தைக் கொண்டு ஊகித்ததற்கு ஒன்று. துருக்கி மொழியிலும் ஆண்டிஸ் மலைப்பகுதியின் கெச்சுவா மொழியிலும் இத்தகைய பாகுபாடு இலக்கணத்திலேயே உண்டு. அந்த மொழிகளைக் கேட்டே இராத ஒரு மாணவி, தமிழில் உள்ள ஒரு சிறு ஒட்டிலிருந்து இந்த ஒழுங்கைத் தாமாகவே வளர்த்தெடுத்திருக்கிறார்.

இன்னொரு பக்கத்தில் பால், பத்து, பல் ஆகிய தமிழ்ச் சொற்களுக்கு எதிரே ஹாலு, ஹத்து, ஹல்லு என்ற கன்னடச் சொற்களை எழுதி, சொல்லின் முதலில் உள்ள பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். அத்துடன் நிற்காமல், தம் மொழிக்கு ஒரு பழைய வடிவத்தையும் அதிலிருந்து பிறந்த ஒரு கிளைமொழியையும் உருவாக்கி, இதே போன்ற ஒலிமாற்ற விதிகளை ஒரு சொல்லிலும் தவறாமல் செயல்படுத்தியிருக்கிறார். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இத்தகைய ஒழுங்கான ஒப்பீடுகளையே அடித்தளமாகக் கொண்டது. மொழி செய்வது பொழுதுபோக்காக இருக்கலாம். ஆனால் அதற்குள் இவர் செய்துகொண்டிருப்பது மொழியியல் என்னும் துறையின் வேலை. அதற்கெனப் பட்டப்படிப்பு இருக்கிறது என்பதை உங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை அவரிடம் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மொழிகளைப் படைத்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். ஸ்டார் டிரெக் திரைப்படங்களுக்காகக் கிளிங்கான் மொழியை விரிவாக்கிய மார்க் ஒக்ராண்ட், அதற்கு முன்பே 1977-இல் கலிபோர்னியாவின் முட்சுன் என்ற பூர்வகுடி மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றவர். அம்மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மூதாட்டி 1930-இல் மறைந்துவிட்டதால், பழைய களக்குறிப்புகளைக் கொண்டே அந்த ஆய்வை அவர் செய்ய வேண்டியிருந்தது. இயற்கை மொழிகளின் போக்கை அவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்ததால்தான், செயப்படுபொருள் முதலிலும் எழுவாய் இறுதியிலும் வரும் மிக அரிதான சொல்வரிசையைக் கிளிங்கானுக்குத் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்க அவரால் முடிந்தது. 2009-இல் வெளியான அவதார் திரைப்படத்துக்கு நாவி மொழியை அமைத்த பால் ஃப்ரோமர் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்; கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடருக்காகத் தோத்ராக்கி மொழியை உருவாக்கிய டேவிட் பீட்டர்சன் மொழியியல் முதுகலைப் பட்டதாரி. கவர்ச்சிக்காகச் சில சொற்களைப் புனைந்து இவர்கள் பெயர் பெறவில்லை. உண்மையான மொழிகள் எப்படி இயங்குகின்றன என்பதை முதலில் முறையாகக் கற்றார்கள்.

உங்கள் மைத்துனர் உடனே ஒரு கேள்வி கேட்பார்: 2015-இல் வெளியான பாகுபலிக்குக் கிலிக்கி மொழியை உருவாக்கிய மதன் கார்க்கி கணினியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்தானே? உண்மைதான். கணினியியல் மொழிக்குப் பகை அல்ல. அது மொழியியலோடு சேரும்போது பெரும் பயன் தருகிறது. ஆனால் நிரல் எழுதுவதில் தமக்கு ஆர்வம் இல்லை என்று உங்கள் மகள் தெளிவாகச் சொல்லியிருப்பதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அடுத்த வரியில் அடமானத்தைப் பற்றிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விருப்பம் இல்லை என்று வாய்திறந்து சொன்ன பிள்ளையைப் பணம் கட்டி அந்தப் படிப்பில் உட்கார வைத்தால், நான்காண்டு முடிவில் அரியர் பாடங்களும் கடனும் சேர்ந்து நிற்பதைப் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

பணக் கணக்கையும் வெளிப்படையாகப் பார்த்துவிடுவோம். 12 லட்சம் ரூபாயை முழுமையாக முதலிலேயே கடனாகப் பெற்று, ஆண்டுக்கு 10 விழுக்காடு தனி வட்டி என்று வைத்துக்கொண்டாலே, படிப்பு முடியும் நாளில் வட்டி மட்டும் 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கும். விடுதிச் செலவு இதில் அடங்கவில்லை. மேலும், நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் ரசீது இல்லாமல் கேட்கப்படும் "நன்கொடை" தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது. அப்படிக் கொடுத்த பணத்தை, மகள் இடையில் விலகினால், எந்த அலுவலகத்திலும் போய்த் திரும்பக் கேட்க உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. பூ விற்கும் வருமானத்தில் குடும்பம் நடக்கிறது என்று சொல்கிறீர்கள். வருமானம் தரும் நிலத்தையே அடமானம் வைத்துவிட்டு எதைக் கொண்டு தவணை கட்டுவீர்கள்?

இனி நான் பரிந்துரைக்கும் வழியைச் சொல்கிறேன். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில், பிளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாகச் சேரக்கூடிய ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. மொழி அறிவியல் படிப்பு இருக்கிறது. கியூட் என்னும் பொது நுழைவுத் தேர்வின் வழியாக இதில் சேரலாம். அத்தேர்வைத் தமிழிலேயே எழுதவும் வாய்ப்பு உண்டு. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால், கல்விக் கட்டணம் உங்கள் மைத்துனர் சொல்லும் தொகையின் அருகில்கூட வராது. அங்கே உங்கள் மகள் படிக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் இந்த நோட்டுப் பக்கங்களோடு நேரடியாகத் தொடர்புடையது. ஒலி வாயில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பதை ஒலியியல் கற்பிக்கும். தொல்காப்பியத்தின் பிறப்பியலில் நம் முன்னோர் செய்த வேலையின் இன்றைய தொடர்ச்சி அது. அவர் அமைத்த அந்த மூன்று விகுதிகள் சொல்லின் உறுப்புகளை ஆராயும் உருபனியலுக்கு உரியவை, பகர ஹகர மாற்றம் வரலாற்று மொழியியலுக்கு உரியது, சொல்வரிசை வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியலுக்கு உரியது. ஐந்தாண்டுகளில் களப்பணியும் செய்யக் கற்றுக்கொள்வார். அதாவது, எழுத்து வடிவமே இல்லாத ஒரு மொழியைப் பேசுபவரிடம் அமர்ந்து, கேட்டுக் கேட்டு அதன் இலக்கணத்தை எழுதுவது.

அவ்வளவு தொலைவு அனுப்ப மனம் வரவில்லை என்றால், மதுரையிலேயே ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்ற ஓர் அரசுக் கல்லூரியில் தமிழோ ஆங்கிலமோ இளங்கலை படித்துவிட்டு, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையத்திலோ கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலோ மொழியியல் முதுகலையில் சேரலாம். பட்டம் ஒன்றுதான், பாதை சற்று நீளம். ஹைதராபாத்தின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான ஐஐஐடியில் கணினியியலையும் கணினிமொழியியலையும் இணைத்த ஐந்தாண்டு இரட்டைப் பட்டமும் இருக்கிறது. ஆனால் கட்டணம் மிக அதிகம், கணிதத்தில் உறுதியான நாட்டமும் வேண்டும். உங்கள் மகளுக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

வேலைக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டிருக்கிறீர்கள். திரைப்படத்துக்கு மொழி செய்து தருவதையே ஒரு தொழிலாக நம்பி இருக்க முடியாது என்பதை உங்கள் மகளிடமும் நான் அப்படியே சொல்வேன். 1887-இல் எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியை வெளியிட்ட சாமென்ஹோஃப் கண் மருத்துவர். பின்லாந்து மொழியின் ஓசையில் மயங்கிக் குவென்யா என்ற மொழியைப் படைத்த டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். ஆனால் மொழியியல் பட்டம் வேறு வழிகளில் சோறு போடும். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்களுக்கும், எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள்களுக்கும், மொழிபெயர்ப்புக் கருவிகளுக்கும் தமிழ்ச் சொற்களைப் பகுத்துத் தரத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய பாஷிணி திட்டம் இந்திய மொழிகளுக்கான இத்தகைய கருவிகளுக்காகவே உள்ளது. மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளை ஆவணப்படுத்த மத்திய அரசு 2013-இல் ஏற்படுத்திய திட்டத்தைச் செயல்படுத்துகிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி காணும் யுஜிசி நெட் தேர்வில் மொழியியல் ஒரு தனிப்பாடம். அதில் இளநிலை ஆய்வு நிதிநல்கைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். முதல் வேலையின் சம்பளம் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அதைத் தெரிந்துகொண்டே இந்த வழியைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் அவர் கடனில்லாமல் தொடங்குவார்.

இந்த ஓராண்டை அவர் எப்படிச் செலவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டைப் பிடுங்கி வைக்காதீர்கள்; பொதுத்தேர்வுப் பாடங்களுக்கு நேரம் ஒதுக்கியது போக எஞ்சிய நேரம் அவருடையது. பள்ளி மாணவர்களுக்கான பாணினி மொழியியல் ஒலிம்பியாட் பற்றி அவரிடம் சொல்லுங்கள். அறியாத ஒரு மொழியின் சில வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றிலிருந்தே இலக்கணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் தேர்வு அது. அதில் சிறப்பாகச் செய்பவர்களே 2003 முதல் நடந்துவரும் பன்னாட்டு மொழியியல் ஒலிம்பியாடுக்கு இந்திய அணியாகச் செல்கிறார்கள். 2016-இல் அந்தப் போட்டி மைசூரிலேயே நடந்தது. பழைய வினாக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வீட்டருகிலேயே அவருக்கு வேண்டிய பாடம் குவிந்து கிடக்கிறது. தோழியின் வீட்டில் கேட்ட சௌராஷ்டிரச் சொற்களை நோட்டின் ஓரத்தில் குறித்திருக்கிறார். வடக்கிலிருந்து வந்த ஓர் இந்தோ-ஆரிய மொழி, பல நூற்றாண்டுகள் தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவே வாழ்ந்து என்னென்ன மாறியது, என்னென்ன மாறவில்லை என்பதை மகால் பகுதித் தெருக்களிலேயே அவரால் கேட்க முடியும். அதன் தனி எழுத்து, கணினிகளில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 2008-இல் இடம்பெற்றது. தம் மொழிக்கு எழுத்து உருவாக்கும் முயற்சியில் அவர் தடுமாறியிருப்பதைக் கண்டேன். உங்கள் ஊருக்கு அடுத்துள்ள கீழடி அருங்காட்சியகத்துக்கு அவரை ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள்; பானை ஓடுகளில் கீறப்பட்ட ஆதன், குவிரன் என்ற பெயர்களைப் பார்க்கட்டும். பிராமி எழுத்தைத் தமிழுக்கு ஏற்றுக்கொண்டவர்கள் ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குத் தனி வடிவங்களைச் சேர்த்தார்கள். ஒரு மொழிக்கு எழுத்தை எப்படிப் பொருத்துவது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் அவருக்குக் காட்ட முடியாது.

உறவினர்களிடம் நீங்கள் நீண்ட விளக்கம் தர வேண்டியதில்லை. மகளுக்கு மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதத் திட்டம் இருக்கிறது, முன்பணம் கட்டப்போவதில்லை என்று மைத்துனரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அவர் உங்கள் பெயரில் வாக்குக் கொடுத்துவிடும் அபாயம் இருக்கிறது. கியூட் விண்ணப்பக் காலம் பிளஸ் டூ முடிவுகள் வெளியாவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், டிசம்பரிலிருந்தே அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உங்கள் சமூகம் இருந்தால், மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. மத்திய அரசு படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு வருமான விவரங்களும் கேட்பார்கள் என்பதால், இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். அடுத்த முறை என்னைச் சந்திக்க வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். பேச வேண்டியவர் அவர்தான்.