ஆலன் பேஜ்: கேள்வி பதில்

கேள்வி: தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஆலன் பேஜுக்கே முதலிடம் என்கிறீர்களே, ஏன்?

பதில்: அமெரிக்கக் கால்பந்தில் புகழெல்லாம் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கிற்கும் அதைச் சுமந்து ஓடுபவருக்குமே போய்ச் சேரும். அந்த வழக்கத்தை மீறி, 1971இல் ஆண்டின் மிகச் சிறந்த வீரருக்கான அசோசியேட்டட் பிரஸ் விருதைப் பெற்ற முதல் தற்காப்பு வீரர், மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் பேஜ்தான். அவருக்குப் பின் அப்படிப் பெற்றவர் 1986இல் லாரன்ஸ் டெய்லர் ஒருவரே.

கேள்வி: தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்கும் ‘டேக்கிள்’ இடத்துக்கு அவர் உடல் கனம் குறைவல்லவா?

பதில்: குறைவுதான். அந்த இடத்தில் நிற்பவருக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், அவரைவிடக் கனத்த ஒருவர் குனிந்து நிற்பார். பந்து தரையை விட்டு அசைந்ததும், அந்த ஆள் நிமிர்வதற்குள் பேஜ் அவருடைய தோளோரமாகப் புகுந்து குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்துவிடுவார். எதிரணி உதைத்த பந்தை 28 முறை தடுத்ததும் அந்த வேகத்தால்தான். குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் ‘சாக்’ 1982இல்தான் அதிகாரப்பூர்வக் கணக்கில் ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு சாக்கும் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

கேள்வி: அப்படிப்பட்டவரை வைக்கிங்ஸ் ஏன் விடுவித்தது?

பதில்: நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபட்டு எடையைக் குறைத்துக்கொண்டார், அணி நிர்வாகம் அதை ஏற்காமல் 1978 பருவத்தின் நடுவிலேயே விடுவித்தது. அது தவறான முடிவு என்பதே என் கருத்து. சிகாகோ பேர்ஸ் அணிக்காக 1981 வரை ஆடிய அவர், 15 ஆண்டுகளில் ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை. 1979இல் மாரத்தானையும் ஓடி முடித்தார்.

கேள்வி: ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வென்றாரா?

பதில்: இல்லை. வைக்கிங்ஸ் நான்கு முறை ஆடி நான்கிலும் தோற்றது.

கேள்வி: விளையாட்டு வீரர் எப்படி நீதிபதியானார்?

பதில்: ஆடிக்கொண்டே படித்து 1978இல் சட்டப் பட்டம் பெற்றார். மினசோட்டா மாநிலத்தில் நீதிபதிகளை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். 1992இல் அதன் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் அந்த இடத்துக்கான தேர்தல் தள்ளிப்போக இருந்தது; பேஜ் வழக்குத் தொடுத்து வென்று, தேர்தலிலும் வென்று, அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகி, 2015 வரை பணியாற்றினார்.

கேள்வி: சிறந்த கால்பந்து வீரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர் என்பது உண்மையா?

பதில்: உண்மை. மண்டபம் அவர் பிறந்த ஒஹாயோவின் கேண்டன் நகரில் இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் அதன் கட்டுமான வேலைக்குப் போயிருக்கிறார். 1988இல் அங்கே அவரைச் சேர்த்தபோது, அறிமுகம் செய்துவைக்கப் பயிற்சியாளர் எவரையும் அழைக்காமல் ஒரு பள்ளித் தலைமையாசிரியையை அழைத்து, தம் உரையில் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசினார்.