வெளிநாட்டு லீக்குகளில் ஆடிய ஜப்பான் கால்பந்து வீரர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

நகாடா, நகமுரா, ககாவா, மிட்டோமா என்று மற்ற பதில்களில் பெயர்கள் வரும். வரட்டும், எல்லாரும் கண்ணுக்கு அழகாக ஆடியவர்கள். என் ஆள் ஷின்ஜி ஒகாசாகி. ஃபார்வர்டாக, அதாவது கோல் அடிப்பதையே வேலையாகக் கொண்ட முன்கள வீரராக, ஒரு முழு சீசன் ஆடி, 36 லீக் ஆட்டங்களில் வெறும் 5 கோல் அடித்து, அதே சீசனில் லெஸ்டர் சிட்டி அணியோடு இங்கிலாந்து சாம்பியன் பதக்கத்தை வாங்கியவர்.

"அஞ்சு கோலுக்கு ஒரு ஃபார்வர்டா?" என்று 2016-ல் என் அறைத்தோழன் கேட்டான். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஆரம்பக் கதை. ஹியோகோ மாகாணத்துப் பையன், உயரம் 174 சென்டிமீட்டர். 2005-ல் பள்ளி முடித்து ஷிமிசு எஸ்-பல்ஸ் அணியில் சேர்ந்தபோது அங்கே ஃபார்வர்டுகள் எட்டுப் பேர். அதில் இவர் எட்டாவது. ஓட்டமும் வேகம் கிடையாது, அதை அவரே ஒளிவுமறைவு இல்லாமல் ஒப்புக்கொண்டவர். பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஓடிய ஒரு தடகள வீரர் அந்த அணிக்கு உடற்பயிற்சியாளராக இருந்தார். அவரிடம் போய், குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதைப்போல, காலை எப்படி ஊன்றுவது என்பதிலிருந்து ஓடக் கற்றுக்கொண்டார். ஒரு தொழில்முறை வீரர் ஓடக் கற்றுக்கொள்வதை யோசித்துப் பாருங்கள்! சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்கக் கற்றுக்கொள்வது மாதிரி. ஆனால் பலன் கிடைத்தது. 2009-ல் மட்டும் தேசிய அணிக்காக 15 கோல் அடித்தார். "ஆயுள் முழுக்க டைவிங் ஹெட்டர்" (பாய்ந்து விழுந்து தலையால் பந்தை அடிப்பது) என்பது அவர் தனக்காக வைத்துக்கொண்ட வாசகம். காலால் அடிக்க வேண்டிய உயரத்தில் வரும் பந்துக்கும் தலையைக் கொடுக்கிற ஆள், எதிரி பூட்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

2011 ஜனவரியில் ஆசியக் கோப்பையை வென்ற கையோடு ஜெர்மனிக்கு, ஸ்டுட்கார்ட்டுக்குப் போனார். ஜப்பான் வீரர்களுக்கு ஜெர்மனி புதிதல்ல. 1977-ல் ஒகுடேரா கொலோனுக்குப் போய், முதல் சீசனிலேயே லீக் பட்டம் வாங்கியதிலிருந்து அந்த வழி திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஸ்டுட்கார்ட்டில் ஒகாசாகியைப் பெரும்பாலும் ஓரத்தில், விங்கில் நிறுத்தினார்கள். நன்றாக உழைத்தார், நன்றாகத் தற்காத்தார், கோல் மட்டும் பெரிதாக வரவில்லை. அப்புறம் 2013-ல் மைன்ஸ். அங்கே பயிற்சியாளர் தாமஸ் டூகல் இவரை நடுவில் கோலுக்கு நேராக நிறுத்தினார். அந்த சீசனில் 15 லீக் கோல்! அதுவரை எந்த ஜப்பானியரும் ஜெர்மனியின் முதல் பிரிவு லீக்கான பண்டஸ்லிகாவில் ஒரே சீசனில் அத்தனை அடித்ததில்லை. அடுத்த சீசனில் 12. நடுவில் விட்டால் கோல் அடிப்பார் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், லெஸ்டர் கதைக்கு இது முக்கியம்.

2015 ஜூனில் லெஸ்டர் சிட்டி வாங்கியது. வாங்கிய மேலாளர் நைஜல் பியர்சன் சில நாட்களிலேயே வேலையிழந்தார், கிளாடியோ ரனியேரி வந்தார். புது ஊருக்கு மாற்றலாகிப் போய்ச் சேர்வதற்குள் கூப்பிட்ட அதிகாரியே இல்லை என்ற நிலை. ஆனால் ரனியேரி இவரைக் கைவிடவில்லை. வேறொரு வேலை கொடுத்தார்.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் விளக்குகிறேன், என் பதிலே இதில்தான் இருக்கிறது. அந்த லெஸ்டர் பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட அணி அல்ல. பின்னால் நெருக்கமாக நிற்பது, பந்தைப் பறிப்பது, பறித்த நொடியில் வேகமான ஃபார்வர்டு ஜேமி வார்டி ஓடும் திசையில் அனுப்புவது, இவ்வளவுதான். பறிக்கும் இயந்திரம் என்று எல்லோரும் நடுக்கள வீரர் கான்டேயைச் சொல்வார்கள், சரிதான். ஆனால் எதிரணியின் பந்து நிம்மதியாக நடுக்களத்துக்கு வந்தால் கான்டேயும் என்ன செய்வார்? நிம்மதியாக வரவிடாமல் செய்வது ஒகாசாகியின் பொறுப்பு. வார்டிக்குச் சற்றுப் பின்னால் நின்று, எதிரணியின் தற்காப்பு மிட்ஃபீல்டரை ஒட்டிக்கொண்டே இருப்பார். அவரை நோக்கிப் பந்து போகாமல் மறைத்துக்கொண்டே, பந்தை வைத்திருக்கும் சென்டர்பேக்கை (நடுப் பின்கள வீரரை) நோக்கி ஓடுவார். அந்த சென்டர்பேக் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டால் இவர் அங்கே ஓடுவார். கோல்கீப்பருக்குத் திருப்பினால் அங்கேயும். பந்து கிடைக்காது என்று தெரிந்தே ஓடுகிற ஓட்டம் இது. கடைசியில் வேறு வழியில்லாமல் ஒருவர் நீளமாக உதைப்பார், லெஸ்டரின் சென்டர்பேக் வெஸ் மார்கன் தலையால் முட்டுவார், கான்டே பொறுக்குவார், வார்டி பறப்பார். மறுநாள் செய்தியில் வார்டி படம் வரும்.

இப்படி ஓடினால் யாருக்குத்தான் தொண்ணூறு நிமிடம் தாங்கும்? ஏறக்குறைய ஒவ்வொரு ஆட்டத்திலும் அறுபதாவது, எழுபதாவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர் பலகையில் அவருடைய சட்டை எண்ணான 20 சிவப்பாக ஒளிரும், இவர் வெளியே வருவார். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கடுப்பாக இருக்கும். அவருக்கும் இருந்தது. சீக்கிரம் வெளியே எடுப்பது பிடிக்கவில்லை என்று பேட்டிகளில் வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு அவரைப் பிடிக்க அதுவும் ஒரு காரணம். "அணிக்காக எதையும் செய்வேன்" என்று சிரித்துவிட்டுப் போகிற தியாகி அல்ல அவர். கோல் அடிக்கும் ஃபார்வர்டாகவே தன்னைப் பார்த்தார். மனசுக்குள் அந்தக் குறையை வைத்துக்கொண்டே அடுத்த வாரமும் அதே ஓட்டத்தை ஓடினார்.

2016 மார்ச் 14, திங்கள் இரவு. நமக்கு செவ்வாய் அதிகாலை ஒன்றரை மணி. லெஸ்டருக்கும் நியூகாசிலுக்கும் லெஸ்டர் மைதானத்தில் ஆட்டம். நியூகாசிலுக்கு ரஃபா பெனிடெஸ் மேலாளராக வந்த முதல் ஆட்டம் அது. அறைத்தோழன் போர்வைக்குள் இருந்தான், நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 25-வது நிமிடம். இடதுபக்கமிருந்து ஆல்பிரைட்டன் பந்தை உள்ளே போட, வார்டி தலையால் அதைக் கோலுக்கு முன்னால் திருப்பிவிட்டார். அங்கே ஒகாசாகி கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பந்து தோள் உயரத்தில் வருகிறது. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, அப்படியே பின்பக்கமாக விழுந்து, காலைத் தலைக்கு மேல் வீசி, பைசைக்கிள் கிக். பந்து வலைக்குள். நான் கத்திய கத்தலில் அவன் எழுந்து, "யாரு, வார்டியா?" என்றான். "இல்லடா, உன் அஞ்சு கோல் ஆளு." அந்த ஆட்டம் 1-0. இரண்டாவது இடத்திலிருந்த டாட்டன்ஹாமைவிட 5 புள்ளிகள் முன்னால் போனது லெஸ்டர். அந்த சீசனில் லீக்கில் சொந்த மைதானத்தில் அவர் அடித்த இரண்டாவது கோல் அது என்றேன் நான். டிசம்பரில் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டம் வெளியூரில் நடந்ததை நான் உள்ளூர் என்று நினைத்து அவனிடம் பந்தயம் கட்டித் தோற்றேன். அவன் சரிபார்த்துச் சொன்னான்: இதுதான் முதலாவது. ஒரு பிரியாணி போனது.

மே 2-ஆம் தேதி செல்சியும் டாட்டன்ஹாமும் 2-2 என்று சமன் செய்ய, லெஸ்டருக்குப் பட்டம் உறுதியானது. இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கை வென்ற இரண்டாவது ஜப்பானியர் இவர், ககாவாவுக்கு அடுத்து.

பட்டம் வென்ற அணி அந்தக் கோடையில் என்ன செய்தது? ஃபார்வர்டுகளை வாங்கியது. மூசா வந்தார், பெரும் தொகைக்கு ஸ்லிமானி வந்தார், அடுத்த ஆண்டு இஹெனாச்சோ. ஒகாசாகி மறுபடியும் வரிசையின் பின்பக்கம். சாம்பியன்ஸ் லீக்கில் கிளப் ப்ரூக்கேவுக்கு எதிராக 5-வது நிமிடத்தில் கோல் அடித்தும் இடம் நிலைக்கவில்லை. அணி கீழே இறங்கிக்கொண்டே போய், 2017 பிப்ரவரியில் ரனியேரியையே அனுப்பிவிட்டார்கள். பொறுப்பேற்ற கிரெய்க் ஷேக்ஸ்பியர் லிவர்பூலுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஒகாசாகியை வார்டிக்குப் பின்னால் பழைய இடத்தில் இறக்கினார். 3-1 வெற்றி. அன்றும் அவர் கோல் அடிக்கவில்லை. என் அறைத்தோழனுக்கு நான் காட்ட விரும்பிய ஆட்டம் இதுதான், ஆனால் அதற்குள் அவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019-ல் லெஸ்டரை விட்டு, நெடுநாள் ஆசையான ஸ்பெயினுக்குப் போனார். மலாகா அணி ஒப்பந்தம் போட்டது, ஆனால் லீக்கின் சம்பள வரம்பு காரணமாக அவரைப் பதிவு செய்யவே முடியவில்லை. ஒரு மாதத்தில் ஒப்பந்தம் ரத்து. 33 வயதில் நடுத்தெருவில் நின்றவரை இரண்டாம் பிரிவில் இருந்த ஹுவெஸ்கா சேர்த்துக்கொண்டது. அங்கே மறுபடியும் நடுவில் ஆடினார். 12 கோல், அணி முதலிடம், மேல் பிரிவுக்கு ஏற்றம். மைன்ஸில் நடந்ததுதான் திரும்ப நடந்தது. லா லிகாவிலும் ஒரு கோல் அடித்து, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின் மூன்றின் முதல் பிரிவிலும் கோல் அடித்தவர் ஆனார். பிறகு கார்தஹேனா, கடைசியாக பெல்ஜியத்தின் சின்ட்-ட்ரைடன். 2024 மே மாதம் ஓய்வு. ஜப்பான் அணியின் முன்னாள் கேப்டன் ஹசெபேயும் அதே சீசனோடுதான் விடைபெற்றார்.

தேசிய அணிக்கு 119 ஆட்டம், 50 கோல். ஜப்பான் ஆண்கள் அணி வரலாற்றில் அவருக்கு மேலே கமமோட்டோவும் மியுராவும் மட்டும். லெஸ்டர் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு மைன்ஸுக்கே போனார். அங்கே பசாரா மைன்ஸ் என்று ஒரு சின்ன அணி, 2014-ல் அவரும் சேர்ந்து தொடங்கி, அடிமட்டப் பிரிவிலிருந்து மேலே ஏறி வந்தது. அதற்குப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார்.

நியூகாசில் கோலை இப்போதே தேடிப் பார்ப்பீர்கள், தெரியும். பாருங்கள். அப்புறம் அந்த சீசனின் ஏதாவது ஒரு முழு ஆட்டம் கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு 20-ஆம் எண்ணை மட்டும் ஒரு பத்து நிமிடம் பாருங்கள்.