சாக்லேட்டுக்கு எதற்கு இத்தனை சாக்கு?

கேள்வி: எனக்கு வயது 58. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இனிப்பாக ஏதாவது வாயில் போட்டாக வேண்டும். முன்பு லட்டு, அல்வா என்று போய்க்கொண்டிருந்தது. இப்போது குட்டி மில்க் சாக்லேட் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். “சர்க்கரை வியாதியை நீயே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறாய்” என்கிறாள் மகள். சாக்லேட் இதயத்துக்கு நல்லது, கொஞ்சம் சாப்பிட்டாலே ஆசை அடங்கும் என்று ஆராய்ச்சியே சொல்கிறது என்று நான் வாதாடுகிறேன். தீர்ப்பு உங்களுடையது. இன்னொன்று: ஃப்ரிட்ஜில் வைத்த சாக்லேட்டில் மேலே வெள்ளையாகப் பூக்கிறதே, பூஞ்சையா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சாக்லேட்டைச் சாப்பிடுங்கள் அம்மா. அந்த வாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் இதயம். கோக்கோவில் இருக்கும் ஃப்ளேவனால் என்ற பொருளைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும். அதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவில் நடந்த ‘காஸ்மோஸ்’ ஆய்வு. 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்கள் கலந்துகொண்டார்கள். முடிவு 2022-ல் வெளியானது. மார்ஸ் சாக்லேட் நிறுவனத்தின் பணமும் அதில் இருந்தது. ஆனால் அங்கே யாருக்கும் சாக்லேட் தரவில்லை. தினம் 500 மில்லிகிராம் ஃப்ளேவனால் அடங்கிய மாத்திரைதான் தந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது, சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை. இதய நோயால் இறந்தவர்கள் மட்டும் குறைவு என்று துணை முடிவு ஒன்று உண்டு. சாக்லேட் பிரியர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். சரி, பிடித்துக்கொள்ளட்டும். அதுவும் மாத்திரைக்குக் கிடைத்த மார்க்தான். சர்க்கரையும் பாலும் சேர்ந்த உங்கள் மில்க் சாக்லேட் அந்தத் தேர்வை எழுதவே இல்லை.

‘கொஞ்சம் சாப்பிட்டாலே ஆசை அடங்கும்’ என்ற ஆராய்ச்சி 2013-ல் வந்தது. சாக்லேட் போன்ற தின்பண்டங்களை ஒரு குழுவுக்கு நிறையவும் இன்னொரு குழுவுக்குக் கொஞ்சமாகவும் கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்துக் கேட்டால், இரு தரப்புக்கும் ஆசை ஒரே மாதிரி தணிந்திருந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க். அவருடைய வேறு பல கட்டுரைகள் பின்னால் திரும்பப் பெறப்பட்டன. ஆராய்ச்சியில் முறைகேடு செய்தார் என்று பல்கலைக்கழகமே 2018-ல் அறிவித்தது, அவரும் பதவி விலகினார். அதனால் சின்ன துண்டு போதும் என்பதே பொய் என்று ஆகிவிடாது. உங்களுக்குப் போதுமாக இருக்கிறதே, அதற்கு எதற்கு அந்த சாட்சி?

இப்போது மகளின் கட்சி. மில்க் சாக்லேட்டில் பாதிக்கு மேல் சர்க்கரை. பத்து கிராம் துண்டு என்றால் ஐந்தாறு கிராம் சர்க்கரையும் ஐம்பது கலோரிக்குச் சற்று அதிகமும் உள்ளே போகிறது. இரண்டு துண்டுக்குப் பன்னிரண்டு கிராம் சர்க்கரை என்று வையுங்கள். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு. அந்த 25-ல் பாதியை உங்கள் சாக்லேட் எடுத்துக்கொள்கிறது. பயமுறுத்தும் கணக்கு இல்லை. ஆனால் காபியைப் பற்றிக் கேள்வியில் ஒரு வார்த்தை இல்லையே! டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு மூன்று டம்ளர் என்றால் அங்கேயே 25 முடிந்துவிடும். உங்கள் வீட்டுச் சண்டை இரவு ஒன்பது மணிக்கு நடக்கிறது, சர்க்கரையோ காலை ஆறு மணியிலிருந்தே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. காபியில் ஒரு ஸ்பூனைக் குறைத்துவிட்டு மகளிடம் பேசுங்கள். ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும், தீர்ப்பையும் அவரிடமே கேளுங்கள்.

என்னைக் கேட்டால், நீங்கள் இருவரும் சண்டை போட வேண்டிய இடம் கவரின் பின்பக்கம். எடையில் எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில்தான் அங்கே பொருள்களை அச்சடிக்க வேண்டும். கோக்கோ வெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு’ என்று இருந்தால், கையில் இருப்பது சாக்லேட் மாதிரி ஒன்று. கோக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். நம் வாய் அதைவிடச் சூடு. அதனால் நல்ல சாக்லேட்டை மெல்லவே வேண்டாம். நாக்கில் வைத்தால் தானாகக் கரைந்து, வாசனை மெதுவாக மேலே ஏறும். ஒரு துண்டே ஐந்து நிமிடம் வரும். மலிவான போலியில் பல, மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வெறும் இனிப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். உடனே கை அடுத்ததைத் தேடும். சில்லறைக்குப் பதில் கடைக்காரர் தள்ளிவிடும் மிட்டாயையும் நாம் சாக்லேட் கணக்கில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்!

நல்லதற்கு சுவிட்சர்லாந்து வரை போக வேண்டியதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோக்கோ விளைகிறது. அங்கேயே காய் பறித்து, அங்கேயே சாக்லேட் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் பாக்கு, கோக்கோ விவசாயிகளின் கூட்டுறவான காம்ப்கோ 1973-ல் தொடங்கியது. புத்தூரில் 1986 முதல் சொந்த சாக்லேட் ஆலையே நடத்துகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ‘ஹோம்மேட்’ என்று கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுப்பதை வாங்கும்போது மட்டும், எந்தக் கொழுப்பில் செய்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.

வாங்கும்போது உதிரியாக வாங்குங்கள். ‘குட்டி’ என்பதற்காக ஐம்பது போட்ட பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்து, சீரியல் முன்னால் அதோடு உட்கார்ந்தால், இரண்டு எப்போது ஏழானது என்று கவர்களை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். இரண்டை எடுத்துக்கொண்டு பையை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்காருகிறவர் என்றால் பையே வாங்கலாம். நீங்கள் எந்த ரகம் என்று உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளைப் பூப்பு பூஞ்சை இல்லை. வெயிலில் இளகி மறுபடி இறுகும்போது உள்ளே இருக்கும் கொழுப்பு மேலே வந்து படிகிறது. ஃப்ரிட்ஜ் ஈரம் பட்டால் சர்க்கரையும் கரைந்து, காய்ந்து, அதே மாதிரி படியும். ருசி கொஞ்சம் மட்டம்தான், கெடுதல் இல்லை. திருச்சி வெயிலில் மே மாதம் வெளியே வைக்கச் சொல்லவும் முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். சில்லென்று இருந்தால் வாசனை தெரியாது.