தகுதி பார்த்து ஊற்றிய கஞ்சி

களப்பணியில் முப்பது வருடம், அப்புறம் கொஞ்ச காலம் வகுப்பறை. ஏழைகளுக்கு உதவும் வேலை எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முதல் வருடம் படிக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே 1601-ஆம் வருட இங்கிலாந்து ஏழையர் சட்டம். நம் ஊரில் வேலை பார்க்கப்போகிற எனக்கு அது எதற்கு?

தேர்வில் எழுதிவிட்டு மறப்பதாக இருந்தால் எதற்கும் இல்லைம்மா. ஆனால் நாளைக்கு நீங்கள் நிரப்பப்போகிற விண்ணப்பப் படிவத்தில் பாதிக் கேள்விகள் அங்கே பிறந்தவைதான்.

அதற்கு முன்னால் இங்கிலாந்தில் பசித்தவர்கள் மடாலயத்துக் கதவைத் தட்டினார்கள். எட்டாம் ஹென்றி 1530-களில் மடாலயங்களை மூடத் தொடங்கியதும் அந்தக் கதவும் போயிற்று. எலிசபெத் ராணி காலத்துச் சட்டம், முன்பு துண்டுதுண்டாக வந்த விதிகளைச் சேர்த்து ஒரு ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சுற்றிய ஊர்ப்பகுதியும், தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஊராரிடம் வரி. வசூலிக்கவும் கொடுக்கவும் மேற்பார்வையாளர்கள். தர்மம் செய்தால் புண்ணியம் என்பதோடு நிற்காமல், வரி கட்டியே ஆகவேண்டும் என்று வந்தது பெரிய விஷயம்.

கூடவே ஆட்களைப் பிரித்தார்கள். கிழவர், நோயாளி, கண் தெரியாதவர்: இவர்களுக்கு உதவி. உடம்பில் தெம்பு உள்ளவர்: கம்பளியோ சணலோ கொடுத்து வேலை. வேலை செய்ய மறுப்பவர்: தண்டனை. ஏழைப் பிள்ளைகளை யாரிடமாவது தொழில் பழக அனுப்பிவிடுவது. ‘இவர் உதவிக்குத் தகுதியானவரா?’ என்ற கேள்வி அன்றைக்கு மேஜையில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

1662-இல் இன்னொரு சட்டம்: வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவர் நாளைக்கு நம் தலையில் விழுவார் என்று தோன்றினால் சொந்த பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். கர்ப்பிணிகளைக்கூட எல்லை தாண்டி விரட்டியிருக்கிறார்கள், குழந்தை இங்கே பிறந்தால் நம் வரிக்குச் சுமை என்று. ‘உங்க கார்டு எந்த ஊர்ல இருக்கு?’ என்று வெளியூர்த் தொழிலாளியிடம் கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உதவி வாங்குபவர்கள் சட்டையில் எழுத்து தைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்ததாமே, நிஜமா?

நிஜம். 1697-ஆம் வருடச் சட்டம். வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில், ஏழை என்பதைக் குறிக்கும் ‘பி’ எழுத்தும் பாரிஷ் பெயரின் முதல் எழுத்தும். மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்து. பல ஊர்களில் கறாராகப் பின்பற்றவில்லை. ஆனாலும் 1810 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. அரிசிப் பையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துப் போடலாமா என்று ஒரு தம்பியும் கேட்டிருக்கிறார். அவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பது வரலாற்றில் நிரூபணமான விஷயம்தானே? ஸ்பீன்ஹாம்லாந்தைச் சொல்கிறார்கள்.

சொல்வார்கள். 1795-இல் ரொட்டி விலை எகிறியபோது பெர்க்‌ஷயர் மாவட்ட நீதிபதிகள் ஸ்பீன்ஹாம்லாந்தில் ஒரு விடுதியில் கூடினார்கள். ரொட்டி விலைக்கும் குடும்பத்தில் எத்தனை வாய் என்பதற்கும் ஏற்ப ஒரு குறைந்தபட்ச வருமானம் குறித்தார்கள். கூலி அதற்குக் கீழே இருந்தால் மீதியை பாரிஷ் போட்டுக் கொடுக்கும். சில ஊர்கள் இதைப் பின்பற்றின.

1832-இல் அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. இதனால்தான் உழைப்பாளி கெட்டான், கூலி விழுந்தது என்று அது எழுதிவைத்தது. பின்னால் வந்த பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் அந்தக் குழு திரட்டிய பதில்களையே மறுபடி எண்ணிப் பார்த்தபோது, முடிவுக்கு ஆதாரம் மெலிசு என்று கண்டார்கள். பிரான்ஸோடு நடந்த சண்டைக்கால விலைவாசி, குளிர்காலத்தில் வேலை இல்லாத கிராமம், கைநூற்பு அழிந்தது என்று காரணங்கள் வேறு பக்கம் இருந்தன. மீதியை ஊர் கொடுக்கும் என்று தெரிந்த பண்ணையார் கூலியை ஏற்றாமல் இருந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. அப்போதும் சோம்பல் யாருடையது என்று நாம் கேட்கலாம்.

கேள்வி: ‘வொர்க்ஹவுஸ்’ என்பது அனாதை இல்லம் மாதிரியா? நம் பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று, தொடர்பு உண்டு.

அந்தக் குழுவின் அறிக்கையை வைத்து 1834-இல் புதுச் சட்டம் வந்தது. அதன் உயிர்நாடி ஒரே யோசனை: உதவி வாங்குபவரின் நிலை, வெளியே உழைக்கும் ஆகக் கடைசி கூலியாளின் நிலையைவிடக் கீழே இருக்க வேண்டும். உதவி வேண்டுமா, வொர்க்ஹவுஸுக்குள், அதாவது ஏழைகளை உள்ளே வைத்து வேலை வாங்கும் இல்லத்துக்குள் வா. உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். சீருடை, அளந்த சோறு. வேறு வழியே இல்லாதவர்தான் இதற்கு ஒத்துக்கொள்வார், அதனால் தனியாக விசாரணை வேண்டாம் என்பது கணக்கு. ஆண்டோவர் என்ற ஊரில் உரத்துக்காக எலும்பு இடிக்கவிட்டார்கள். பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றார்கள் என்று 1845-இல் வெளியே வந்தது, பாராளுமன்றமே விசாரித்தது.

இதே யோசனை கப்பலேறி இங்கேயும் வந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார்: மண் சுமக்கும் ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் சுமார் 450 கிராம். மதராஸ் மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கிற உடம்பு தாங்காது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். சில மாதம் கழித்துத்தான் கூலி ஏறியது. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டியது. கூவக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் போனதில்லை.

இதே டெம்பிள்தான் 1874-இல் பீகாரில் பர்மா அரிசியைக் கொண்டுவந்து இறக்கிப் பெருஞ்சாவு வராமல் தடுத்தவர். ‘ஊதாரி’ என்று திட்டு வாங்கினார். அந்தத் திட்டுக்கு விலை கொடுத்தது தெற்கத்தி ஜனங்கள்.

கேள்வி: ‘சேவை’ எப்போது ‘தொழில்’ ஆனது? மேரி ரிச்மண்டா, ஜேன் ஆடம்ஸா, யார் பக்கம் நீங்கள்?

1869-இல் லண்டனில் தொடங்கிய தர்ம ஒருங்கிணைப்புச் சங்கம் வீடுவீடாகப் போய் விசாரித்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு வைத்தது. அமெரிக்காவிலும் அதே வழி பரவ, அதில் வேலை பார்த்த ரிச்மண்ட் 1917-இல் அந்த விசாரிப்பை ஒரு முறையாக எழுதினார். இன்றைய கேஸ் ஒர்க், அதாவது ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாக விசாரித்து உதவும் முறை, அங்கிருந்து வருகிறது. ஆடம்ஸ் வேறு ரகம். 1889-இல் சிகாகோவில் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கி அங்கேயே குடியிருந்தார். தெருவில் குப்பை மலை. ‘சுத்தமாக இருங்கள்’ என்று வகுப்பு எடுக்கவில்லை. 1895-இல் அந்த வட்டாரத்தின் குப்பை ஆய்வாளர் பொறுப்பையே வாங்கி, விடிகாலையில் வண்டிக்குப் பின்னால் போனார்.

மனசு ஆடம்ஸ் பக்கம். ஆனால் கோப்பு எழுதத் தெரியாத நல்ல மனசுக்காரர்கள் எத்தனை குடும்பங்களை அலைக்கழித்தார்கள் என்று பார்த்தவள் நான். ரிச்மண்டைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: உங்கள் வேலையில் இந்தப் பழைய சட்டம் எதிரே வந்து நின்றதுண்டா?

ஒருமுறை எழுபது வயது ஆத்தா ஒருவரை முதியோர் உதவித்தொகைக்கு ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். மகன் இருக்கிறானே என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். மகன் திருப்பூர்ப் பக்கம் போய் ஒன்பது வருடம், கடிதம்கூடக் கிடையாது. பெற்றவரைப் பிள்ளைதான் காப்பாற்ற வேண்டும், அப்புறம்தான் ஊர் என்பது அந்த 1601 சட்டத்திலேயே உண்டு. இங்கிலாந்தில் 1948-இல் ஏழையர் சட்டத்தை ஒழித்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் ஆத்தாவிடம் சொல்ல முடியுமா? வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தேன். ‘புள்ளை இல்லைன்னு எழுதிக் குடுத்துரவா கண்ணு?’ என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, ‘வேண்டாம், அவன் எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்’ என்றார். மூன்று மாதம் அலைந்து, மகன் ஆதரவு இல்லை என்று சான்று வாங்கி, மறுபடி மனு போட்டோம்.